நத்தைக்குச் சங்கு

பாப்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. அந்தச் சூட்டோடு எழுதியிருந்தால் நான் உன்னை ஏசியிருப்பேன், நீயும் பதிலுக்கு ஏசியிருப்பாய், நடுவில் தபால்காரர்தான் அலைந்து இளைத்திருப்பார். இப்போது ஆறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பாதி ஆறியிருக்கிறது, மீதியை எழுதி எழுதித்தான் ஆற்ற வேண்டும். அதனால் இது நீளமாகத்தான் போகும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. வெறும் வயிற்றோடு அம்மாவின் கடிதத்தைப் படித்தால் உனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். ஈரோட்டில் அந்தப் பூங்காவுக்காகக் கருங்கல்லில் ஒரு சூரியகாந்தி செதுக்கினாய். இதழெல்லாம் உதிர்ந்து, நடுவில் விதைகள் மட்டும் வரிவரியாகச் சுழன்று நிற்கிற, முற்றிப்போன பூ. உன் பெயரில் வெளியே நிற்கிற முதல் சிற்பம் அது. வெயிலில் நின்று, கை கொப்பளித்து, முகமெல்லாம் கல் தூளாகிச் செய்தாய். அதை வைத்த கொஞ்ச நாளிலேயே யாரோ ஒரு விதையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பார்த்தவர்கள் அடுத்த விதைக்கும் வைத்தார்கள். இப்போது எல்லா விதைக்கும் பொட்டு, எலுமிச்சம்பழ மாலை, வெள்ளிக்கிழமை கூழ். ஆயிரங்கண் அம்மன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். நீ போய், இது சாமி இல்லை, பூ என்று சொன்னதற்கு ஒரு அம்மா, “பூவா இருந்தா என்ன கண்ணு, ஆத்தா எதுல வேணாலும் வருவா” என்று சொல்லி உன் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்பிவிட்டாள். நீ அழுதுகொண்டே அறைக்குத் திரும்பி எங்களுக்கு எழுதியிருக்கிறாய். அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்துவிடச் சொல்லப் போகிறாயாம். இனிமேல் உளியையே தொடமாட்டாயாம். வீட்டுக்கு வந்து பூந்தமல்லிப் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை தேடிக்கொள்ளப் போகிறாயாம்.

பொட்டு வைத்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன், அதை மறைக்க மாட்டேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தால் எனக்கும் கண் கண்ணாகத்தான் தெரிகிறது. நானாக இருந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன். கோபம் வந்தது அதற்கல்ல. உளியைத் தொடமாட்டேன் என்று எழுதினாயே, அந்த ஒரு வரிக்குத்தான். அந்த வரி எனக்குப் பழக்கப்பட்டது. நம் வீட்டில் இன்னொருவரும் அதைச் சொன்னவர்தான். வாயால் சொல்லவில்லை, சும்மா இருந்தே சொன்னார். உன் அப்பாவைத்தான் சொல்கிறேன். அவருடைய நத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிக் கதை. எனக்கே மீதிக் கதை போன வாரம்தான் தெரிந்தது.

நீ அப்போது மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை நம் வீடு, பின்பக்கம் ஏரித் தண்ணீர் வந்து நிற்கிற பள்ளம். மழை பிடித்தால் போதும், நத்தைகள் ஊர்வலமாகக் கிளம்பிவிடும். சுவரில், தண்ணீர்த் தொட்டியில், துணி துவைக்கிற கல்லில், ஒரு நாள் என் புடவை மடிப்பிலேகூட ஒன்று. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டுவேன். உன் அப்பா முதல் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு அவற்றின் எதிரே குந்திக்கொள்வார். தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்புத் தகட்டை வெல்டிங் வைத்துவிட்டு வந்த மனுஷன், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் ஒரு நத்தை ஒரு சுவரை ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கோடையில் பள்ளம் வற்றினால் வெள்ளை வெள்ளையாகக் காலி ஓடுகள் கிடக்கும். அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் நான் பீடியைத் தேடவில்லை, நத்தையைத்தான் தேடினேன். என் தலையெழுத்து அப்படி.

அப்படி ஒரு காலி ஓட்டை எடுத்து, ஹேக்ஸா பிளேடால் நேர்பாதியாக அறுத்து என்னிடம் காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற அறைகள். மேலே மிளகு அளவு, கீழே நெல்லிக்காய் அளவு. “நல்லா பாருமே. ஒரு சுத்துக்கு அட்த்த சுத்து அளவுதான் பெருசாவுது, சைசு மாறினாலும் ஜாடை மாறல. இது ஊட்ட இடிக்கறதும் இல்ல, மாத்தறதும் இல்ல. வாசப்படியிலயே இன்னும் கொஞ்சம் கட்டிக்கினே போவுது. நம்மள மாதிரி டைப் ஒண்ணு, டைப் ரெண்டுன்னு குவாட்டர்ஸுக்கு எய்திப் போட்டுட்டுக் காத்துக்கினு கீறதில்ல” என்றார். நாங்கள் அப்போது, இன்னும் ஒரு அறை கூடுதலாக இருக்கிற டைப் இரண்டு குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். எனக்கு நத்தையின் மேல் பொறாமையே வந்தது.

அதற்குப் பிறகு அவர் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் சுற்றுத்தான். அன்னாசிப்பழம் வாங்கி வந்தால் அதன் கண்களை விரலால் வரிசை பிடித்துக்கொண்டே இருப்பார், நீ வாயில் எச்சில் ஊறப் பக்கத்தில் நிற்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பொரியலுக்கு வைத்திருந்த முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டி, அந்த வெட்டைப் பார்த்து மெய்மறந்து போய், “இத சமைக்காத, எனக்கு வோணும்” என்றார். “வேணும்னா கோஸு முன்னால குந்திக்கினு பாத்துக்கினே இரு, சோத்துக்குத் தொட்டுக்க அந்த நத்தயப் போட்டுக்கோ” என்று கத்தினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பாப்பா? வாயைத் திறக்காமல் தோள் மட்டும் குலுங்கும். அந்த ஒரு வருஷத்தில் அவர் சிரித்த மாதிரி நான் அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நத்தையைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள் என்று நான் சொன்னது வேடிக்கைக்கு மட்டுமில்லை. சென்னீர்குப்பத்தில் உன் அப்பா வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். நடவு முடித்து வரும்போது வரப்பில் பொறுக்கிய நத்தைதான் அவர்களுக்குப் பல நாள் குழம்பு. குவார்ட்டர்ஸில் அதை யாரிடமும் சொல்ல மாட்டார். அங்கே எல்லா ஜில்லாவிலிருந்தும் ஆட்கள். ஒருவர் சமையல் வாசனை அடுத்தவருக்கு ஆகாது. ஆனால் என்னிடம் சொல்வார், “எங்களுக்குச் சோறு போட்ட பிராணிமே அது. எவ்ளோ சோக்கா ஊடு கட்டுது, ஒருத்தனும் நின்னு பாக்க மாட்டேன்றான்” என்று. அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நாலு பேர் நின்று ஒரு நத்தையைப் பார்க்க வேண்டும்.

அதற்குத் தோதாக ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு தொழிற்சாலைக்குள் விடுவார்கள். நாங்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேட்டில் வரிசையில் நிற்போம். ஒவ்வொரு செக்‌ஷன்காரர்களும் மெஷினைக் கழுவிச் சந்தனம் தடவி, கழிவு இரும்பில் ஏதாவது ஒன்று செய்து வாசலில் வைப்பார்கள். ஒரு செக்‌ஷனில் நட்டு போல்ட்டில் மயில், இன்னொன்றில் செயினில் பாம்பு. யாருடையது நன்றாக இருக்கிறது என்று ஒரு மாதத்துக்குப் பேச்சு ஓடும். அந்த வருஷம் உன் அப்பா ஃபோர்மேனிடம் போய், நான் ஒன்று செய்கிறேன் என்று கேட்டார். ஃபோர்மேன் நல்ல மனுஷர், என்ன செய்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை, கழிவுத் தகட்டில் எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார். உன் அப்பா ஒரு நத்தை ஓட்டை நூல் வைத்து அளந்து, அந்த அளவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் வெட்டி, காகிதத்தைத் தகட்டில் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி வளைத்து, ஒன்றோடு ஒன்று பற்றவைத்தார். ஷிஃப்ட் முடிந்த பிறகு தினமும் அதே வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணெல்லாம் சிவந்திருக்கும், கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள். நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே திட்டுவேன்.

பூஜை அன்று உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். செக்‌ஷன் வாசலில் ஒரு மேஜைமேல் அது இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் கையை விட்டுவிட்டுக் கிட்டே போய்விட்டேன். அப்போது உன் மார்பு உயரம். உச்சியில் விரல் நுனி அளவில் தொடங்கி, சுற்றி இறங்கி இறங்கி, கீழே நீயே உள்ளே போய் உட்காரலாம் போல வாய் திறந்து நின்றது. பற்றவைத்த தடமெல்லாம் அரத்தால் ராவி வழவழவென்று இருந்தது. வெல்டிங் சூட்டில் இரும்பில் ஊதாவும் தங்கநிறமும் ஓடியிருந்ததை அப்படியே விட்டிருந்தார். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி தள்ளி நின்றார். யாராவது வந்து, அட நத்தை, என்று சொல்லக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும்.

முதலில் வந்தது நம் பக்கத்து வீட்டுச் சரசக்கா. திருநெல்வேலிக்காரி, நம் வீட்டில் மீன் வறுத்தால் ஜன்னலைச் சாத்துகிறவள், ஆனால் மனசு தங்கம். அவள் மேஜையைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். அப்புறம் இன்னொரு தடவை வந்தாள். “ஏட்டி, இது வலம்புரில்லா! எங்க மாமா தூத்துக்குடியில சங்குக் கடைல்லா வச்சிருக்காவ, எனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு பாரு, சாட்சாத் வலம்புரிச் சங்குட்டி இது!” என்று அலறினாள். அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். வலம்புரியாம், வலம்புரியாம் என்று வரிசை முழுக்க ஓடியது. பூஜைக்கு வந்த ஐயர் எட்டிப் பார்த்து, ஆமாம், லட்சுமி கடாட்சம் என்றார். உன் அப்பா, “சார், அது வந்து...” என்று ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். அதற்குள் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். எல்லோரும் கைகூப்பினார்கள். நான் கூப்பினேன், நீ கூப்பினாய், கடைசியில் அவரும் கூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. மனுஷனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “என் நத்தைக்குச் சங்கு ஊதிட்டானுங்கமே.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அங்கே தொழிற்சாலை சைரனுக்கே சங்கு என்றுதான் பெயர், காலையில் சங்கு ஊதினால் ஓட்டம், சாயங்காலம் சங்கு ஊதினால் வீடு. செத்தால் ஊதுவதும் சங்குதான். எல்லாவற்றையும் சேர்த்து நல்ல வேடிக்கையாகச் சொல்லிவிட்டார் என்று சிரித்தேன், போய்ச் சரசக்காவிடமும் சொல்லி அவளையும் சிரிக்கவைத்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். மேஜையிலிருந்து இறக்கி, செக்‌ஷன் வாசலில் சிமெண்டு மேடை கட்டி வைத்தார்கள். புது மெஷின் வந்தால் அதற்கு முன்னால்தான் தேங்காய். பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள், பிரமோஷனுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு முழம் பூ கொடுத்தனுப்புவார்கள். இன்றைக்கு ஈரோட்டு ஜனங்களைப் பார்த்து உனக்கு ஆத்திரம் வருகிறதே, நீ என்ன குறைந்தவளா? கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் உன் பேனாவை உன் அப்பாவிடம் கொடுத்து, சங்குசாமி வாயில் வைத்து எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியவள் நீ. அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போவார். திருப்பிக் கொடுக்கும்போது, “வச்சேன், படி” என்பார். நீ பாஸ் பண்ணினாய், அது சாமியாலா படிப்பாலா என்று நான் இப்போது பஞ்சாயத்து வைக்கப் போவதில்லை.

நானும் வேண்டிக்கொண்டேன். வருஷா வருஷம் அந்த மேடைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நான் கேட்டது வீடோ நகையோ இல்லை. இந்த மனுஷனின் கை நல்லா இருக்கணும் என்றுதான் கேட்டேன். நெருப்போடு வேலை செய்கிற கை, அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஒன்றும் ஆகவில்லை. பத்து விரலோடு ரிட்டயர் ஆனார். ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை, பாப்பா. அடுத்த வருஷம் ஃபோர்மேன் கெஞ்சினார், பக்கத்துச் செக்‌ஷன்காரர்கள் எங்களுக்கு ஒரு பிள்ளையார் செய்துகொடு என்று வீடு தேடி வந்தார்கள். “நேரமில்ல அண்ணாத்தே” என்று அனுப்பிவிட்டார். நேரமில்லாத மனுஷன் சாயங்காலம் முழுக்க ரேடியோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மழைக்கு நத்தைகள் வந்தன. அவர் போய்க் குந்தவில்லை. முட்டைக்கோஸை நான் இஷ்டத்துக்கு நறுக்கினேன், ஏன் நறுக்குகிறாய் என்று கேட்க ஆளில்லாமல் எனக்கு அழுகை வந்தது. ஜனங்கள் கும்பிட்டதால் மனசு விட்டுப்போச்சு என்று நான் நினைத்தேன். காலப்போக்கில் அதுவும் பழகிவிட்டது.

நீ பன்னிரண்டாவது முடித்து ஓவியக் கல்லூரியில் சிற்பம் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது, வீட்டில் ஆடியது நான். கல் உடைக்கவா பெண்ணைப் பெற்றோம் என்று கத்தியதும் நான்தான். உன் அப்பா செய்தித்தாளைக்கூடக் கீழே இறக்காமல் “சேத்துவுடு” என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரம். இவருக்கு எதிலும் அக்கறையில்லை, பெண் எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிட்டார் என்று உன்னிடமே புலம்பியிருக்கிறேன். அவர் அன்றைக்கு அப்படிச் சொன்னது ஏன் என்று போன வாரம்தான் எனக்குப் பிடிபட்டது.

போன வாரம் உன் கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டே போட்டோவைக் கையில் வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். வலது பக்கம் சுழல்கிற ஒரு வரியை விரலால் பிடித்து நடுவிலிருந்து ஓரம்வரை போனார். பிறகு இடது பக்கம் சுழல்கிற வரியைப் பிடித்தார். திரும்பத் திரும்ப அதையே செய்தார். “ரெண்டு பக்கமும் கரெக்டா சுத்துதுமே. பூவுல எப்டி கீதோ அப்டியே கீது. ஒரு வெதகூட மாறல. இவ தப்பே பண்ணல” என்றார். அந்த ‘இவ’வை அழுத்திச் சொன்னார். “இவ தப்பு பண்ணலன்னா, யாரு தப்பு பண்ணது?” என்று கேட்டேன். “நாந்தான்” என்றார்.

அப்புறம்தான் சொன்னார். எல்லா நத்தையும் ஒரே பக்கம்தான் சுற்றுமாம், சாதாரணச் சங்கும் அப்படித்தானாம். வலம்புரி மட்டும்தான் எதிர்ப்பக்கம், அதனால்தான் அது அபூர்வம். உன் அப்பா அன்றைக்குச் செய்ய நினைத்தது நம் பள்ளத்து நத்தையை. ஆனால் தகட்டை வளைக்கும்போது, சாக்பீஸ் கோடு உள்பக்கம் போகவேண்டியது, பற்றவைக்கக் கண்ணுக்குத் தெரியட்டும் என்று வெளிப்பக்கம் வருகிற மாதிரி வளைத்துவிட்டார். முதல் துண்டில் செய்த தப்பை எல்லாத் துண்டிலும் ஒரே ஒழுங்காகச் செய்ததால் இணைப்பு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி, நத்தை மொத்தமும் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டது. “அளவ காயிதத்துல ஏத்துனப்புறம் நான் நத்தய பாக்கவேல்ல. காயிதத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். சரசக்கா கூவுனப்போதான் பையிலிருந்து ஓட்ட எட்த்து வச்சுப் பாக்கறேன், தல சுத்திப் போச்சு. நான் சரியா செஞ்சது எவன் கண்ணுக்கும் தெரில. தப்பா செஞ்ச ஒண்ணுக்கு ஊரே கற்பூரம் காட்டுது. அப்புறம் எந்த மூஞ்ச வச்சிக்கினு இன்னொண்ணு செய்றது?” என்றார்.

நீ கல்லூரிக்கு நின்றபோது “சேத்துவுடு” என்றதும் இதனால்தான், தன் கை விட்டதை உன் கையாவது செய்யட்டும் என்று. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லாத சங்கதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? “அட லூசு மனுஷா! கடல்ல பொறக்கற சங்குல எப்பவாச்சும் ஒண்ணு திரும்பிச் சுத்திக்கினு பொறக்குதே, அத இன்னான்ற? கடலு கோட்ட வெளிப்பக்கம் வச்சி வளைச்சிடுச்சின்னு அது ஒக்காந்து அழுவுதா? மறுநாளும் சங்கு பண்ணத்தான் பண்ணுது. நீ இன்னொரு நத்தய சரியா பண்ணியிருந்தா இன்னா கொறஞ்சா போயிருப்ப?” என்று கேட்டேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல், அந்தப் பழைய சிரிப்பு. நான்தான் அழுதேன்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ அவரைப் போலச் செய்யாதே என்பதற்காகத்தான். அவராவது தப்புச் செய்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு நிறுத்தினார். நீ எதற்கு நிறுத்துகிறாய்? செய்தது சரியாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள், அவ்வளவுதானே? பெயரை நீ போய்ச் சொல். வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுகிற இடத்தில் நின்று, இது நான் செய்த சூரியகாந்தி, இந்த வரி இப்படிப் போகிறது, அந்த வரி அப்படிப் போகிறது, ஒன்றை ஒன்று இடிக்காமல் எப்படி இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டு. உன் அப்பா, “சார், அது வந்து” என்பதோடு நிறுத்தினாரே, நீ அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடி. அழாமல் சொல், கத்தாமல் சொல், எல்லோரும் கேட்கும்படிச் சொல். கேட்டுவிட்டும் அவர்கள் பொட்டு வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். பூவைத் தெரிந்துகொண்டு கும்பிடுகிறவளை நீ என்ன செய்துவிட முடியும்? மஞ்சள் பட்டால் கருங்கல் கரைந்தா போய்விடும்? கும்பிடுகிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று மட்டும் எழுதாதே, உன்னைப் பெற்றவளும் அந்த வரிசையில்தான் நிற்கிறாள். எனக்கு அந்த இரும்பு நத்தை இன்றைக்கும் சாமிதான். தப்பாகப் பிறந்தது என்று தெரிந்த பிறகு அதன்மேல் பாசம் கூடத்தான் செய்கிறது.

பூங்காக்காரர்களுக்கு எழுதுகிறேன் என்றாயே, அந்தக் கடிதத்தை இன்னும் போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தால் போய்ப் பேசி நிறுத்திவை, ஏனென்றால் நாங்கள் வருகிறோம். ரிட்டயர் ஆனதிலிருந்து திருவள்ளூரைத் தாண்டாத மனுஷன், போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை சென்ட்ரலில் ஏறுகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை உன் ஊரில் இருப்போம். நேரே பூங்காவுக்குத்தான் போக வேண்டுமாம், உன் அறையில் பல் விளக்கக்கூட நேரம் கொடுக்க மாட்டாராம்.

நேற்று இதற்கும் ஒரு சண்டை. உன் சூரியகாந்திக்கு முன்னால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைச் சொல்லி, சீக்கிரம் கழற்ற வசதியாக ரப்பர் செருப்பே போட்டுக்கொண்டு வா என்றேன். “நான் எதுக்குக் கழட்டணும்? நான் சாமி கும்பிடவா வரேன்? எம்பொண்ணு செஞ்சத பாக்க வரேன். செருப்போடதான் நிப்பேன், எவன் இன்னா கேக்கறான்னு பாக்கறேன்” என்று எகிறுகிறார். அங்கே போய் எனக்கும் சேர்த்து அடி வாங்கித் தரப் போகிறார். நான் கழற்றிவிட்டுத்தான் நிற்பேன், ஒரு முழம் மல்லிகையும் வாங்கி வருவேன், அதற்கும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கா வாசலுக்கு வந்து நில். செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து யாராவது, யாரய்யா நீ, இங்கே என்ன வேலை என்று சண்டைக்கு வந்தால், இவர் என் அப்பா, இதைச் செய்தவள் நான் என்று நீதான் முன்னால் வந்து சொல்ல வேண்டும்.

உன் அம்மா